மேல்கண்ணாடிக்கு ஒட்டிய பிலிம்

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் என் கணவர் துபாயிலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்தார். அங்கே பெரிய கட்டடங்களில் ஏசி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் பாதியில் நிறுத்துகிறார்கள், ஆட்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று ஃபோனில் சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒருநாள் "நானும் வாரேன்" என்றார். லீவில் வருகிறார் என்று நினைத்து, "எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டேன். "போதும்னு சொல்லிட்டாங்க" என்றார்.

அவர் வந்து ஒரு மாதத்துக்குள் கார் வந்தது. கோயம்புத்தூரில் யாரோ மில்காரர் வீட்டில் ஓடிய பழைய வண்டி, சாம்பல் நிறம். புரோக்கர் மூலம் வாங்கி அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். வேலை இல்லாத நேரத்தில் கார் எதற்கு என்ற கேள்வி என் வாய் வரைக்கும் வந்திருந்தது. ஆனால் அவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளே ஒரு பொத்தானை அழுத்தினார். கூரையில் பதித்திருந்த கண்ணாடி பின்னால் நகர்ந்தது. அந்தத் திறப்பு வழியாகத் தலையை நீட்டி என்னையும் மகளையும் பார்த்துச் சிரித்தார். ஊருக்கு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கேள்வியை விழுங்கிவிட்டேன்.

எங்கள் தெருவில் அப்போது கார் வைத்திருந்தவர்களே சொற்பம். கூரையில் கண்ணாடி வைத்த காரை யாரும் பார்த்ததில்லை. சாயங்காலமானால் யாராவது வந்து, "அதக் கொஞ்சம் தெறந்து காட்டுங்களேன்" என்பார்கள். அவர் உடனே சாவியை எடுத்துக்கொண்டு போவார். இரண்டாம் வகுப்புப் படித்த எங்கள் மகள் சீட்டின் மேல் ஏறித் தலையை வெளியே நீட்டி நிற்பாள். அவளுக்கு அப்பாவையே அந்தக் கார் வந்தபிறகுதான் பிடித்தது என்று தோன்றும். அதுவரை அவர் அவளுக்கு ஃபோனில் வருகிற ஒரு குரல்.

அந்தக் கண்ணாடிக்குக் கீழே, உள்பக்கமாக இழுத்து மூடிக்கொள்ள ஒரு தட்டு உண்டு. எங்கள் வண்டியில் அது உடைந்து கூரைக்குள் எங்கேயோ சிக்கிக் கிடந்தது. சரிசெய்ய வேண்டுமானால் கூரைத்துணி முழுவதையும் பிரிக்க வேண்டும், பிரித்தாலும் மாற்றுத்தட்டு கிடைக்காது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். "மூடி வைக்கவா இந்த வண்டிய வாங்குனேன்? போகட்டும் விடு" என்று இவரும் விட்டுவிட்டார். ஆக, பகலில் காரில் ஏறினால் வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கும்.

அந்த நாட்களில் அவருக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. விடிவதற்கு முன் எழுந்து வாசலைக் கூட்டுவார். நான் குளித்து வருவதற்குள் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டுவார். சமையற்கட்டில் டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து வேறு வரிசையில் அடுக்குவார். அவசரத்தில் நான் சீரகம் என்று எடுத்துத் திறந்தால் உள்ளே வெந்தயம் இருக்கும். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனால் கேட் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே போய் நிற்பார்கள். தட்டில் சோறு போட்டுவிட்டு வெஞ்சனம் எடுக்கத் திரும்புவேன். அதற்குள் எழுந்து போய் வாசலில் நின்று யாருடனாவது ஃபோனில் பேசிக்கொண்டிருப்பார். யாரும் இல்லாவிட்டால் காரைக் கழுவுவார். காலையில் கழுவிய காரை மத்தியானமும் கழுவுவார்.

எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. நான் வடமதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமான மறுவருஷமே அவர் துபாய் போய்விட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும், எப்போது விளக்கு அணைக்க வேண்டும், எந்த பஸ்ஸில் போய் எந்த பஸ்ஸில் திரும்ப வேண்டும் எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். லீவில் வருவார், விருந்தாளி மாதிரி கவனிப்பேன், போய்விடுவார். இப்போது போகவில்லை. ராத்திரி அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் எனக்கு விழிப்பு வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் எல்லோருக்கும் வீட்டுக்குப் போக அவசரம்; எனக்கு வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக நிற்கத் தோன்றியது. இரண்டு மூன்று தடவை அப்படி நிற்கவும் செய்தேன்.

அந்த ஆனி மாதத்தில் வத்தலக்குண்டில் அவருடைய பெரியப்பா மகன் புதுவீடு கட்டி, சர்ச் சாமியாரை அழைத்து வீடு மந்திரிக்க நாள் குறித்திருந்தார். காரில்தான் போக வேண்டும் என்று இவருக்கு ஒரே பிடிவாதம். மழை தப்பிப்போன வருஷம். ஆனியிலும் சித்திரை மாதிரியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. செம்பட்டி தாண்டுவதற்குள்ளேயே எனக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்க ஆரம்பித்துவிட்டது. ஏசி காலடியில் குளிர்ந்தது, தலை கொதித்தது. டேஷ்போர்டைத் துடைக்க வைத்திருந்த துண்டை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் விரித்து, ஓரங்களைக் கைப்பிடியிலும் சீட் பெல்ட்டிலும் செருகினேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் துண்டு அவிழ்ந்து மடியில் விழுந்தது.

"ஊருக்குள்ள நுழையும்போது அதக் கழட்டிரு" என்றார் அவர். "பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க."

கழற்றினேன். அங்கே சொந்தக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து காரைச் சுற்றி நின்றார்கள். அவர் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார். சொந்தக்காரர் ஒருவர், "துபாய் சம்பாத்தியம் சும்மாவா" என்று முதுகில் தட்டினார். வேலை போனது அங்கே யாருக்கும் தெரியாது. லீவில் வந்திருப்பதாகத்தான் இவர் சொல்லியிருந்தார். அதை நானும் அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது உச்சிவெயில். செம்பட்டிக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு தென்னந்தோப்பு வேலி ஓரமாகக் குனிந்து விருந்துச் சாப்பாடு அத்தனையையும் வாந்தி எடுத்தேன். அவர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். முகத்தில் இரக்கமும் எரிச்சலும் சேர்ந்து கிடந்தன.

"பழகிரும்" என்றார்.

"எனக்குப் பழக வேணாம்" என்றேன்.

கார் வந்ததிலிருந்து அவர்தான் தினமும் காலையில் என்னை வடமதுரையில் கொண்டுபோய் விட்டுவந்தார். அடுத்த திங்கட்கிழமை அவர் சாவியை எடுத்தபோது, "நான் பஸ்ல போயிக்கிறேன்" என்றேன். தலைவலிக்குப் பயந்துதான் சொன்னேன். அவர் சாவியை ஆணியில் மாட்டினார், எடுத்தார், மறுபடியும் மாட்டினார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு காரைக் கழுவப் போனார். அந்த வாரம் முழுக்க பஸ்ஸில்தான் போனேன், வந்தேன். கார் வாசலில் பளபளவென்று நின்றது.

மேல்கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர்தான் யோசனை சொன்னார். எங்கள் ஊர்ப் பேகம்பூரில் பைக்குகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிற, நம்பர் பிளேட் எழுதுகிற ஒரு கடை இருந்தது. சாயங்காலம் அங்கே போய் நின்றேன். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வண்டிய இங்க கொண்டாங்க அக்கா. செத்த நேரத்துல ஒட்டி அனுப்பிர்றேன்" என்றார்.

"வண்டி வராது பாய்."

"ஏன், ஓடலையா?"

"ஓடுது. வராது."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கறுப்பு வினைல் சுருளை இழுத்துப் போட்டு வெட்டினார். ஒரு தடவைக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு வெட்டினார். "மொதத் தடவ ஒட்டுறவங்களுக்கு ஒண்ணு வீணாப் போகும், வச்சுக்கங்க" என்றார். கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் நன்றாக அடிக்க வேண்டும், காயவிடக் கூடாது, பின்னால் இருக்கிற காகிதத்தை உரித்தபிறகு பசைப்பக்கம் எதிலும் படக்கூடாது, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "ஆனா ஒத்த ஆளால முடியாதுக்கா. அந்தப் பக்கம் ஒரு ஆளு, இந்தப் பக்கம் ஒரு ஆளு வேணும்."

அந்தப் பக்கத்து ஆளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சுருளைப் பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அப்போது எதையும் ஒளித்து வைக்க முடியாது. சனிக்கிழமை அவர் பீரோவை நகர்த்திப் பின்னால் கூட்டியிருக்கிறார். நான் வந்தபோது சுருள் சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தது.

"இது எதுக்கு?"

சொன்னேன்.

"அப்ப அந்த வண்டிக்கும் சாதாரண வண்டிக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். நான் சுருளை எடுத்து மறுபடியும் பீரோவுக்குப் பின்னால் நிறுத்தினேன். ராத்திரி சாப்பிடும்போது இருவருக்கும் நடுவில் மகள் மட்டும் எதையோ பேசிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மகளை மறைக்கல்வி வகுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். நான் சேலையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல்கண்ணாடியின் மேல் செய்தித்தாளை விரித்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாத கைகள் கோபத்தையும் மீறி வேலையைத் தொடங்கிவிட்டிருந்தன. நானும் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் ஏறி நின்றேன்.

வேலையில் இறங்கிவிட்டால் அவர் வேறு ஆள். கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய பிளேடால் பறவை எச்சத்தைச் சுரண்டி, துணி நூல் ஒட்டாமல் துடைத்தார். செய்தித்தாள் அளவுக்குச் சுற்றிலும் நாலு விரல் கூட விட்டுப் பிலிமை வெட்டினார். தேய்த்துத் தள்ள ஒரு அட்டை வேண்டும் என்று தேடி, துபாய் கம்பெனியின் அடையாள அட்டையை எடுத்துவந்து அதில் மெல்லிய துணியைச் சுற்றினார். தண்ணீர் அடிக்கும் பாட்டிலை நான் ரெடியாக வைத்திருந்தேன். கண்ணாடி நிறைய அடித்துவிட்டு அதை பானெட் மேல் வைத்தார்.

"நான் இந்த ரெண்டு மூலையப் பிடிச்சுக்கிறேன். நீ அந்த ரெண்டு மூலையப் பிடி. விறைப்பாப் பிடிக்கணும். நான் சொல்லும்போது எறக்கணும்."

காகிதத்தை உரித்தோம். கறுப்பு பிலிம் எங்கள் இருவருக்கும் நடுவில், காரின் கூரைக்கு மேல், பசைப்பக்கம் கீழே பார்க்க, விறைப்பாக நின்றது. அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. ஆடி பிறக்கப்போகிற காற்று. தெருமுனையில் புழுதி எழுந்து வருவது தெரிந்தது.

"எறக்காத, எறக்காத. மண்ணு ஒட்டிரும். காத்து நிக்கட்டும்."

நின்றோம். பிலிம் உப்பியது, படபடத்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு இருவரும் அதை இழுத்துப் பிடித்தோம். கண்ணாடியில் அடித்த தண்ணீர் திட்டுத்திட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. பாட்டில் பானெட் மேல் இருந்தது. நாலு கைகளில் ஒன்றைக்கூட எடுக்க முடியாது. அவர் அசையாமல் ஓரிடத்தில் நின்று நான் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

"ஏங்க, ஃபோனு."

"அடிக்கட்டும்."

நின்றது. உடனே மறுபடியும் அடித்தது. அவர் முகம் மாறியது.

"யாரு, ஞாயித்துக்கெழமையில?"

"திருச்சிக்காரரா இருக்கும்."

"எந்தத் திருச்சிக்காரரு?"

அவர் என்னைப் பார்க்காமல் பிலிமைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "குவைத்துக்கு ஆள் எடுக்குறாங்க. ஏஜெண்டு. பாஸ்போர்ட் குடுத்துருக்கேன்."

"எப்ப?"

"வத்தலக்குண்டு போயிட்டு வந்தோம்ல. அந்த வாரம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீ பஸ்ல போற, பஸ்ல வார. எப்பச் சொல்ல?" காற்று ஒரு தடவை ஓங்கி அடித்தது. இருவரும் பின்னால் சாய்ந்து பிடித்தோம். அது தணிந்ததும், கோபமில்லாத குரலில் சொன்னார். "நான் வந்ததுலேருந்துதான் ஒனக்குத் தலைவலியே. கவனிச்சியா?"

"அது வெயிலு."

"வெயிலு இந்த ஊருக்குப் புதுசா?"

அவர் போய்விடுவார் என்று கேட்ட அந்தக் கணத்தில் என் உடம்பு முழுக்க லேசானது. டப்பாக்கள் பழைய வரிசைக்கு வரும், ராத்திரி முழுசாகத் தூங்கலாம், எந்த பஸ்ஸில் வேண்டுமானாலும் வரலாம். உடனே அந்த லேசைக் கண்டே எனக்குப் பயம் வந்தது. புருஷன் போகிறேன் என்கிறான், ஒரு பெண்ணுக்கு முதலில் வருவது இதுவா? வலதுகை எப்போது தளர்ந்தது என்று தெரியாது. மூலை நழுவியது. காற்று அதைத் தூக்கி மடித்து, பிலிமின் நடுவிலேயே கொண்டுபோய் ஒட்டிவிட்டது.

"விட்டுட்டியா?" என்று கத்தினார்.

பிரித்துப் பார்த்தோம். பிரியவில்லை. இழுத்தால் மிட்டாய் மாதிரி நீண்டது. அவர் அதைச் சுருட்டிக் கசக்கினார். பசையில் விரல்கள் ஒட்டிக்கொண்டு, உதறியும் விழாமல், கடைசியில் சுவரில் தேய்த்துக் கழற்றினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, இரண்டையும் அடக்கிக்கொண்டேன். அவர் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

நான் கொஞ்ச நேரம் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து கண்ணாடியை மறுபடியும் கழுவினேன். செய்தித்தாள் அளவை வைத்து மிச்சமிருந்த பிலிமை வெட்டினேன். காற்று அமர்ந்துவிட்டது. கேட் சத்தம் கேட்டது. முனைக்கடை வரை போய்த் திரும்பியிருக்கிறார்.

"அடுத்தத வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேன்."

"இந்தத் தடவ விட்றாத."

"இந்தத் தடவ நீங்க எதுவும் சொல்லாதீங்க."

அவர் உதடு லேசாகக் கோணியது. ஃபோனை எடுத்துத் திண்டின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

இரண்டாவது தடவை சரியாக இறங்கியது. தண்ணீரின் மேல் பிலிம் வழுக்கிக்கொண்டு நின்றது. இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் நகர்த்தி நேராக்கினோம். அவர் நடுவிலிருந்து அட்டையால் தள்ள, சோப்புத் தண்ணீர் ஓரங்களில் பிதுங்கி வழிந்தது. நான் துடைத்துக்கொண்டே வந்தேன். கண்ணாடி திறந்து மூடும்போது ரப்பரில் சிக்கக் கூடாது என்று சுற்றிலும் நூலளவு உள்ளே தள்ளி பிளேடால் வெட்டினார். என் பக்கத்து மூலையில் மட்டும் ஒரு சுருக்கம் விழுந்து, கொப்புளம் மாதிரி நின்றது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்தார். அப்போதும் அமரவில்லை. சூடு காட்டினால் அமரும் என்று, துபாயிலிருந்து எனக்கு வாங்கிவந்து நான் ஒருநாளும் உபயோகிக்காத முடி காயவைக்கும் மிஷினை எடுத்துவந்து ஒயர் இழுத்தார். சுவிட்சைப் போட்டால் கரண்ட் இல்லை. அந்த வருஷம் அப்படித்தான். நினைத்த நேரத்துக்குப் போகும்.

வேறு வழியில்லாமல் போர்டிகோ படியில் உட்கார்ந்தோம். அவர் எழப்போனார். "செத்த நேரம் உக்காருங்களேன்" என்றேன். உட்கார்ந்தார்.

"நீங்க இல்லாம இருந்து எனக்குப் பழகிருச்சு" என்றேன். "இருந்து பழகல. டப்பாவ மாத்தி வச்சா எரிச்சல் வருது. வாசலக் கூட்டுனா எரிச்சல் வருது. நல்லதுதான செய்றாருன்னு தெரியுது, ஆனாலும் வருது."

அவர் கையில் ஒட்டியிருந்த பசையை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் இந்த வீட்டுல எது எங்க இருக்குன்னு தெரியல" என்றார். "கத்திரிக்கோல் எங்கன்னு புள்ளைகிட்டக் கேக்குறேன். அதான் எல்லாத்தையும் எறக்கி எறக்கி வச்சுப் பாக்குறேன். நானா வச்சா எனக்குத் தெரியும்ல."

அதை நான் ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை.

"குவைத்துக்குப் போகணும்னு இருக்கா?"

"அங்க போனா காலைல எந்திரிச்சு எங்க போகணும்னு தெரியும். அம்புட்டுத்தான். நீ என்ன சொல்ற?"

போங்க என்று சொல்லவும் வாய் வரவில்லை, இருங்க என்று சொல்லவும் வரவில்லை. அதையே சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். கரண்ட் வந்தது. எழுந்து போய் அந்த மூலையில் சூடு காட்டி, அட்டையால் அழுத்தித் தேய்த்தார். முக்கால்வாசி அமர்ந்தது.

மறைக்கல்வி முடிந்து வந்த மகள் காருக்குள் ஏறி மேலே பார்த்தாள். "ஆகாசத்த ஏன் அடைச்சீங்க?" என்று கத்தி, சீட்டில் குப்புற விழுந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மாதான் செய்தாள் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பவே இல்லை. அவர்தான் பொத்தானை அழுத்திக் காட்டினார். பிலிமோடு சேர்ந்து கண்ணாடி வழக்கம்போலப் பின்னால் நகர்ந்தது. "பாரு, இங்கதான் இருக்கு ஆகாசம். வேணுங்கும்போது தெறந்துக்கலாம்" என்று அவளைத் தூக்கி நிறுத்தினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையை வெளியே நீட்டினாள்.

சாயங்காலம் திருச்சிக்காரருடன் பேசினார். விசா வந்துவிட்டதாம், மெடிக்கலுக்கு வரவேண்டுமாம். அந்த வாரம் நான் ஒருநாள் லீவு போட்டேன். "நானும் வாரேன்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

காரில் போனோம். வெயில் வெளியேதான் அடித்தது. வடமதுரையில் என் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது பிள்ளைகள் பிரேயருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அதைக் கடந்து போவது ஏதோ தப்புச் செய்வது போல இருந்தது. திருச்சி வரை இருவரும் மகளின் பள்ளிக்கூடம், வீட்டு மோட்டார், பால்காரர் என்று வேறு எதையெதையோ பேசினோம்.

ஏஜெண்டு ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில். நான் காரிலேயே இருந்துகொண்டேன். அவர் மாடிப்படி ஏறிப் போனார். பைகளோடும் போட்டோக்களோடும் எத்தனையோ பேர் ஏறினார்கள், இறங்கினார்கள். எல்லோருக்கும் அவர் வயதுதான், அல்லது குறைவு. ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தேன். போகட்டும் என்று நினைத்தேன். சரி, போனால் இந்தக் காரை யார் ஓட்டுவது என்று நினைத்தேன். மெடிக்கலுக்குப் போயிருந்தால் வேறு வழியாகப் போயிருப்பாரோ என்று இறங்கிப் போய்ப் படிக்கட்டுக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன்.

கடைசியில் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாரு?"

"ரெண்டு வருஷந்தானன்னாரு. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள போயிரும்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்டுல கேட்டுட்டு வாரேன்னேன்."

"அதான் கேட்டாச்சே."

"இல்ல. இப்பத்தான் கேக்குறேன்." என் பக்கம் திரும்பினார். "போகவா?"

கல்யாணமானதிலிருந்து அவர் எங்கே போனாலும் டிக்கெட் எடுத்தபிறகுதான் எனக்குத் தெரியும். போகவா என்று அதுவரை அவர் என்னிடம் கேட்டதில்லை. வெளியே ஒரு ஷேர் ஆட்டோக்காரர் எங்கள் வண்டியை நகர்த்தச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"வேணாம்" என்றேன்.

சொன்னபிறகும் அது நிஜமாகவே என் மனசுதானா, ஹாரன் சத்தத்தில் வாய் தவறி வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இறங்கி மறுபடியும் மாடிப்படி ஏறினார். இந்தத் தடவை சீக்கிரம் வந்துவிட்டார். பாஸ்போர்ட்டை என் மடியில் போட்டுவிட்டு, "பசிக்குது. மொதல்ல எங்கயாவது சாப்பிடுவோம்" என்றார். அன்றைக்கு ஓட்டலில் அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். என்னால் ஒரு வாய் கூட இறக்க முடியவில்லை. என்ன செய்துவிட்டோம், இனி தினமும் காலையில் இவர் எங்கே போவார் என்ற கவலைதான் வயிற்றை நிறைத்திருந்தது.

வேலை உடனே கிடைத்துவிடவில்லை. ஐப்பசி மழை தொடங்கியபிறகுதான் வடமதுரைப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் ஆள் கேட்டார்கள். நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் காற்றை ஈரமாகவும் ஒரே சூட்டிலும் வைத்திருக்க வேண்டும்; அந்த மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. துபாயில் குளிர்காற்றைப் பார்த்தவருக்கு இங்கே ஈரக்காற்று. ஷிப்ட் வேலை என்பதால் பகல் ஷிப்ட் வாரங்களில் மட்டும் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு மில்லுக்குப் போவார். மற்ற வாரங்களில் எனக்கு பஸ்தான். அந்த மில்லில் சண்டை போட்டுக்கொண்டு வேறு மில்லுக்குப் போனார், அங்கேயிருந்து இன்னொன்றுக்கு. ஒவ்வொரு தடவை விடும்போதும் பழைய திருச்சிக்காரரின் நம்பர் அவர் ஃபோனில் இருக்கிறதா என்று யோசிப்பேன். கேட்க மாட்டேன். ஒருநாள் அவராகவே, "அந்த நம்பர அன்னைக்கே அழிச்சுட்டேன்" என்றார். நான் எதை நினைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.